ராப்பும் சட்டமும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தர்மபுரியில் வக்கீல். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, ஓசூர் என்று நாலா பக்கமிருந்தும் ராப் பாடும் பிள்ளைகள் வந்து கேட்பதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் போலீசை நினைத்துப் பயந்துகொண்டு வருகிறார்கள். உட்கார வைத்து விசாரித்தால், வினை இருப்பது படிக்காமல் போட்ட கையெழுத்தில், இல்லாவிட்டால் இலவசம் என்று இறக்கிய பீட்டில், அதாவது பின்னணி இசையில். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே இடம் கொஞ்சம் கூடுதல். பொதுவாகச் சொல்லியிருக்கிறேன், உங்கள் கையில் நோட்டீஸ் வந்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

யூடியூபில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருந்த பீட்டில்தான் பாடினேன். இப்போது காசு கேட்கிறார். கேட்க முடியுமா?

முடியும். தலைப்பில் ‘ஃப்ரீ டைப் பீட்’ என்று இருக்கும். கீழே விளக்கத்தைத் திறந்தால் ‘வருமானம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். பீட்டுக்கு உரிமை அதைச் செய்தவருக்கு. அவர் கொடுத்தது பாடிப் பழகிக்கொள்ள ஓர் அனுமதி. சேனலில் விளம்பரம் ஓட ஆரம்பித்தாலோ, பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றினாலோ அந்த அனுமதி செல்லாது.

காசு கொடுத்து வாங்குவதிலும் இரண்டு வகை உண்டு. லீஸ் என்றால் அதே பீட்டை அவர் இன்னும் பலருக்கு விற்பார். எத்தனை ஸ்ட்ரீம் வரை, எத்தனை வருடம் என்று வரம்பும் இருக்கும். எக்ஸ்க்ளூசிவ் என்றால் இனிமேல் வேறு யாருக்கும் விற்க மாட்டார், ஆனால் ஏற்கெனவே லீஸ் வாங்கியவர்கள் அப்படியே இருப்பார்கள். இங்கே ஒரு கோளாறு அடிக்கடி நடக்கிறது. பாட்டை ஏற்றும்போது தளங்களுக்கு அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் ஆப்பில் ‘கன்டென்ட் ஐடி’ என்று ஒரு கட்டம் வரும். அதே ஒலி வேறு வீடியோவில் வந்தால் யூடியூப் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அது. லீஸ் பீட்டை வைத்துக்கொண்டு அதில் டிக் அடித்தால், அதே பீட்டில் பாடிய மற்ற எல்லோருடைய வீடியோவுக்கும் உங்கள் பெயரில் கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை) போகும். அப்புறம் அவர்கள் கேட்பது உங்களைத்தான்.

நம் ஊரிலேயே பீட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து ராத்திரி எஃப்.எல். ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் உட்காருகிற பையன்கள். அவர்களிடம் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. அதற்கும் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள், நண்பனாக இருந்தாலும் சரி.

பழைய படப் பாட்டில் மூன்று நொடிதானே எடுத்தேன்? ஏழு நொடிக்குள் இருந்தால் தப்பில்லையாமே?

இந்த நொடிக் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: மெட்டும் வரிகளும் ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. துண்டு வெட்டி எடுத்தால் இரண்டிலும் கை வைக்கிறீர்கள். ஒலிப்பதிவு பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும். மெட்டுக்கு யாரிடம் கேட்பது என்பதிலேயே பெரிய பெரிய படங்கள் சண்டை போடுகின்றன. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘கண்மணி அன்போடு’ பாட்டு வந்ததற்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. படக்குழுவோ ஆடியோ உரிமை வைத்திருந்தவர்களிடம் முறையாக வாங்கியதாகச் சொன்னது.

நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் சாம்பிளுக்கென்று, அதாவது இப்படித் துண்டு எடுத்துச் சேர்ப்பதற்கென்று, தனிப் பிரிவு கிடையாது. 52ஆவது பிரிவில் சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் பாட்டு அதில் அடங்குவது கஷ்டம். 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு டிவி சேனலுக்கும் யஷ்ராஜ் பிலிம்ஸுக்கும் நடந்த வழக்கில், அற்பமான அளவு எடுத்ததைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்றது. வழக்கு வந்த பிறகு சொல்ல அது நல்ல வாதம். வழக்கே வராமல் தடுக்க அது உதவாது.

இந்தச் சண்டையின் தாய்வீடு அமெரிக்கா. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர், கில்பர்ட் ஓசல்லிவன் பாட்டிலிருந்து துண்டு எடுத்ததற்கு நியூயார்க் நீதிபதி ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற பைபிள் வசனத்தோடு தீர்ப்பை ஆரம்பித்தார். கிரிமினல் வழக்குப் போடலாமா என்று பார்க்கச் சொல்லி அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பினார். மனுஷன் 1993இல் தன் அடுத்த ஆல்பத்துக்கு ‘எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு’ என்ற பொருளில் பேர் வைத்தார், அது தனிக் கதை. 1994இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில், கேலிப் பாட்டுக்கு நியாயப் பயன்பாடு என்ற விலக்கு கிடைக்கலாம் என்றது. 2005இல் இன்னொரு நீதிமன்றம், இரண்டு நொடி கிட்டார் துண்டு எடுத்த வழக்கில், ‘லைசென்ஸ் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் செய்யாதே’ என்றது. 2016இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அங்கேயே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஆக, அமெரிக்கத் தீர்ப்பைக் காட்டி இங்கே தைரியம் கொள்ளவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

அந்த மெட்டை நானே கீபோர்டில் வாசித்துக்கொண்டால்?

ஒலிப்பதிவுக்காரர் ஒதுங்கிக்கொள்வார். மெட்டுக்காரர் ஒதுங்க மாட்டார். கவர் வெர்ஷன் என்று 31சி பிரிவு இருக்கிறதே என்பார்கள். அசல் பதிவாகி ஐந்து வருடம் கழிய வேண்டும், முன்கூட்டி நோட்டீஸும் ராயல்டியும் கொடுக்க வேண்டும், பாட்டை மாற்றவும் கூடாது. நடுவில் பதினாறு வரி ராப் சேர்ப்பது மாற்றமில்லை என்று வாதாட என்னால் முடியாது.

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் போனில் பதிவு செய்த பம்பையை, திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டிருக்கிறேன். அதற்குமா அனுமதி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இடுப்பில் இரட்டைப் பம்பையைக் கட்டிக்கொண்டு, சாமி வரும் நேரத்தில் வேகம் ஏற்றுவார்களே, அந்த இடம்தான் எல்லோருக்கும் லூப்புக்கு வேண்டும். தாளம் பரம்பரையாக வருவது. அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. உங்கள் போனில் நீங்கள் பிடித்த பதிவு உங்களுடையது. ஆனால் வாசித்தவருக்கு என்று ஓர் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நிகழ்த்துக் கலைஞரின் உரிமை என்று 38ஆவது பிரிவு. ஐம்பது வருடம் நிற்கும். அவர் சம்மதம் இல்லாமல் அந்த வாசிப்பைப் பதிந்து விற்க முடியாது. வாசித்தது இன்னார் என்று பெயர் போடச் சொல்லிக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. தெருக்கூத்துக்காரர் பாடியதை எடுத்தாலும் இதே கதைதான். வேறொருவர் சேனலில் கிடந்த கூத்து வீடியோவிலிருந்து எடுத்தால், பதிவு செய்த சேனல்காரரும் சேர்ந்துகொள்வார்.

வழி ரொம்பச் சுலபம். அந்தப் பெரியவரைத் தேடிப் போங்கள். இன்ன பாட்டுக்கு, இன்ன தொகை, பெயர் இப்படி வரும் என்று ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துத் தெரியாவிட்டால் கைநாட்டு, பக்கத்தில் இரண்டு சாட்சி. பணத்தை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ போட்டால் அதுவே ஆதாரம். ‘ஃபோக் சாம்பிள்’ என்று மொட்டையாகப் போட்டுவிட்டு, வாசித்தவர் பெயரை விடுகிற பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஒரு கம்பெனி ஐந்து பாட்டுக்கு ஒப்பந்தம் போடலாம் என்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், தாளை வீட்டுக்குக் கொண்டுவர விடுகிறார்களா என்று பாருங்கள். ‘இப்பவே போடுங்க, நாளைக்கு ரிலீஸ்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பது 19ஆவது பிரிவின்படி நடக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். எந்தப் பாட்டு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள், எவ்வளவு ராயல்டி என்று இருக்க வேண்டும். காலம் போடவில்லை என்றால் ஐந்து வருடம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். எல்லை போடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது செத்துப்போகும். இதனால்தான் கம்பெனித் தாளில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், பிரபஞ்சம் முழுவதும்’ என்று வளைத்து வளைத்து எழுதுகிறார்கள். பிரபஞ்சம் என்பதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படியே அச்சடித்து வருகிறது.

2012 திருத்தத்துக்குப் பிறகு இன்னொரு பாதுகாப்பு உண்டு. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். அந்தப் பணம் வசூலாகி வர, ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் சேர்ந்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாட்டு ஊரெல்லாம் ஓடினால் பணம் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். 2021இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யைக் கேட்காத டீக்கடை உண்டா? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வீடியோ போட்டுச் சொன்னார். அதற்கு முன்பே, பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, ராப்பர் அறிவின் பெயர் ஏன் விடுபடுகிறது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அவ்வளவு பெயர் பெற்றவர்களுக்கே அந்த நிலை.

எனக்கு வயது 17. அப்பாவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நல்லதாகப் போயிற்று. பதினெட்டு நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. 1903 முதல் இதுதான் சட்டம். கம்பெனி மிரட்டினால் பிறப்புச் சான்றிதழின் நகலை அனுப்புங்கள். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள்.

ஹூக்கை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரியை) நண்பன் எழுதினான். இப்போது சண்டை. பாட்டு யாருடையது?

வரிகளைப் பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதியிருந்தால் இருவருக்கும். ரிலீசுக்கு முன்னால் ஒரு வாட்ஸாப் செய்தியில் ‘ஹூக் நீ, வெர்ஸ் நான், பங்கு இவ்வளவு’ என்று எழுதி அவன் ‘சரி’ போட்டிருந்தாலே என் வேலை பாதி குறைந்துவிடும். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் முதல் ஆதாரமாக நிற்கும். ஆன்லைனில் வரிகளுக்கோ மெட்டுக்கோ 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய்.

கெட்ட வார்த்தை வந்தால் கேசா?

இடத்தைப் பொறுத்தது. பொது இடத்தில் பிறருக்கு எரிச்சல் வரும்படி ஆபாசப் பாட்டுப் பாடினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 296: மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் ஆபாசம் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை போகும். ஆனால் திட்டுகிற வார்த்தை எல்லாம் ஆபாசம் ஆகாது. 2024 மார்ச்சில் ஒரு வெப் சீரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லி எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. அமெரிக்காவிலும் டூ லைவ் க்ரூவின் ஆல்பம் ஆபாசம் என்று 1990இல் ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி சொல்லி, அதை விற்ற கடைக்காரரைக்கூடப் பிடித்தார்கள். 1992இல் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பீக்கரில் அந்த வரியை ஓட விட்டால், எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் வேறொன்று விழும்.

டிஸ் ட்ராக்கில் ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டலாமா?

வாய்க்கொழுப்பைக் காட்டலாம், பொய்யான குற்றச்சாட்டு வைக்கக் கூடாது. ‘உன் ஃப்ளோ மொக்கை’ என்பது கருத்து. ‘அவன் வட்டிக்கு விட்டு மூன்று குடும்பத்தை அழித்தான்’ என்பது நிரூபிக்க வேண்டிய செய்தி. அவதூறுக்கு அதே நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை உண்டு. உண்மையாக இருந்து, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருந்தால் விலக்கு உண்டு. 2015இல் சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பற்றி யூனிலீவரை நேராகப் பெயர் சொல்லி ராப் பாடினார். தொழிலாளர்கள் வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருந்த விஷயம் அது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. நம் ஊர் ஏரி, கிரானைட் குவாரி பற்றிப் பாட நினைக்கிறவர்கள் முதலில் ஆவணத்தைச் சேர்த்துக்கொண்டு பாடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போடலாம்.

அரசாங்கத்தைத் திட்டிப் பாடினால் உள்ளே போட்டுவிடுவார்களா?

போட்டிருக்கிறார்கள். 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் கைது செய்து தேசத்துரோகப் பிரிவு போட்டார்கள். அடுத்த மாதமே ஜாமீனில் வந்தார். அவர் ராப்பர் அல்ல, மக்கள் பாடகர், ஆனால் பிரச்சினை ஒன்றுதான். 2023இல் மகாராஷ்டிராவில் ராப் பாடகர்கள் மீது வழக்குப் பாய்ந்தது.

இப்போது கையில் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. 2025 மார்ச்சில், கவிஞரும் அரசியல்வாதியுமான இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து பற்றிய புகாரில், தண்டனை மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் என்றால், வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்துவது பொருத்தம் என்றும், தொட்டதற்கெல்லாம் நடுங்குகிறவர் காதால் வார்த்தைகளை அளக்கக் கூடாது என்றும் சொன்னது.

எங்கள் சாதிப் பெருமையைத்தானே பாடுகிறேன், யாரையும் திட்டவில்லையே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சிரிப்பதில்லை. 2012 நவம்பரில் நாய்க்கன்கொட்டாய் பக்கம் சாதிக் கலவரத்தில் மூன்று தலித் காலனிகளில் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. பெருமை பாடுவது குற்றமில்லை என்பது ஏட்டில் சரி. மூன்றாவது வரியிலேயே ‘எதிர்த்தவன்’ வந்துவிடுகிறான், நான்காவது வரியில் அவன் யார் என்று ஊருக்கே தெரிகிறது. பிரிவினரிடையே பகை மூட்டினால் நியாய சன்ஹிதா 196ஆவது பிரிவு, மூன்று வருடம் வரை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலர் காணும்படி சாதி சொல்லி இழிவுபடுத்தினாலோ, அவர்கள் மேல் வெறுப்பை வளர்த்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஐந்து வருடம் வரை. அதில் முன்ஜாமீனுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. கல்லூரிப் பஸ்ஸில் ஸ்டேட்டஸாக ஓடுகிற முப்பது நொடிக்காக ஒரு பையன் வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சகிக்கவில்லை.

வீடியோவில் அரிவாள் வைத்துக்கொள்ளலாமா? வெட்டு, குத்து என்று வரி இருந்தால் அது வாக்குமூலமா?

நிஜ அரிவாளோடு ரீல்ஸ் போட்டுக் கைதாகிறவர்கள் செய்தி வாராவாரம் வருகிறது. அட்டையில் செய்துகொள்ளுங்கள்.

வரி என்பது வாக்குமூலம் அல்ல. நம் நாட்டில் போலீசிடம் கொடுத்த ஒப்புதலையே நீதிமன்றம் ஏற்காது. ஆனால் ஏற்கெனவே ஒரு அடிதடி வழக்கு இருந்து, பாட்டில் அதே ஆள், அதே தெரு வந்தால், நோக்கத்தைக் காட்ட அதை எடுத்து வைக்கப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இது பெரிய விவகாரம். நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2014இல், குற்றத்தோடு நேரடித் தொடர்பில்லாத ராப் வரிகளைச் சாட்சியமாக்கக் கூடாது என்றது. ஷெரீஃபைச் சுட்டேன் என்று பாடிய பாப் மார்லி நிஜமாகவே சுட்டார் என்று யாரும் நினைப்பதில்லையே என்று கேட்டது. 2022இல் கலிபோர்னியா இதற்கென்றே சட்டம் போட்டது. ஜார்ஜியாவிலோ 2023இல் யங் தக் என்ற ராப்பரின் வழக்கில் சில வரிகளை நீதிபதி அனுமதித்தார். 2024 அக்டோபரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே வந்தார்.

கழுத்தில் புலிப்பல், சிறுத்தைப்பல் தொங்கவிடுவதும் வேண்டாம். 2025 ஏப்ரலில் கேரள ராப்பர் ஒருவரை வனத்துறை பிடித்தது அதற்குத்தான்.

ஒகேனக்கல்லில், தொப்பூர் கணவாயில் ஷூட்டிங் எடுக்கலாமா?

தொப்பூரில் ரோட்டை மறித்து எடுக்கவே கூடாது. நியாய சன்ஹிதா 285ஆவது பிரிவில் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்பது சின்ன விஷயம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிக்குச் சட்டம் தெரியாது. ஒகேனக்கல்லைச் சுற்றி இருப்பது காடு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் 2014இல் அறிவித்த காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கேளுங்கள்.

கல்யாணத்தில், கோயில் திருவிழாவில் பாடினால் ராயல்டி கட்ட வேண்டுமா?

உண்மையான சமயச் சடங்கில், அரசு விழாவில் பாட்டை நிகழ்த்துவதற்கு 52ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடக்கம். டிக்கெட் போட்டு மண்டபத்தில் நடத்தினால் இந்த விலக்கு உதவாது. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கு மாநில அரசு தனியாக அனுமதித்தால் நள்ளிரவு வரை, அதுவும் வருடத்தில் பதினைந்து நாளுக்கு மேல் போகாமல். மைக் செட்காரரிடம் மட்டும் பேசி வைத்தால் போதாது, ஸ்டேஷனில் மனுவும் கொடுக்க வேண்டும்.

ஓசூரில் பாடினேன். பெங்களூரில் புகார் கொடுத்தால்?

கொடுக்கலாம். இணையத்தில் போட்ட பாட்டை எங்கே பார்த்தார்களோ அங்கே கொடுப்பார்கள். மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகப் போலீஸ். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய இடத்துக்கு மாற்றலாம்.

யூடியூபில் கிளெய்ம் வந்தால் சேனல் போய்விடுமா?

கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் வருமானம் அவர்களுக்குப் போகும், சில நேரம் வீடியோவையே முடக்கலாம். பதிப்புரிமை மீறலுக்கு யூடியூப் போடும் ஸ்ட்ரைக்தான் ஆபத்து, தொண்ணூறு நாளில் மூன்று வந்தால் சேனல் போய்விடும். உரிமை உங்களுடையது என்று தாள் இருந்தால் கிளெய்மை மறுத்து எழுதுங்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்ல முப்பது நாள். கோபத்தில் மட்டும் மறுக்காதீர்கள்.

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்தது. போகலாமா?

எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல், குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)இல் நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை. அதை வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் தட்டாமல் போங்கள், ஒரு வக்கீலோடு. போனைப் பிடித்து வைத்தால் பறிமுதல் பட்டியலின் நகல் கேளுங்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். புகார் வந்த பிறகு பயந்துபோய்ப் பதிவை அழிக்காதீர்கள், ஆதாரத்தை அழித்தான் என்று இன்னொரு தலைவலி சேரும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பதினெட்டு நிரம்பாதவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே இலவசம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போன் நம்பர் 15100.